படிவத்தின் பதினேழாவது கேள்வி

போன கிழமை கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்தில் என் கதிரையில் உட்கார்ந்திருப்பவள். கம்பளைக்காரி, நாற்பது தாண்டியவள், என்னைவிட நிதானம் உள்ளவள். வந்தது சுகம் விசாரிக்க மட்டுமல்ல. அடுத்து வரும் பெரிய கிரிக்கெட் தொடருக்குப் பல்லேகலை மைதானத்தில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு வீடு தேடுகிறாளாம். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் வீட்டையும் பட்டியலில் போடலாமா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் கைபேசியை எடுத்துவிட்டாள்.

"படிவமெல்லாம் இப்ப ஃபோன்லதான் மிஸ். பதினாறு கேள்வி. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"பதினேழுல்ல?"

"கடைசிக் கேள்விய எடுத்துட்டோம் மிஸ். அதக் கேட்டாலே வீட்டுக்காரங்க மொகம் மாறிப் போகுது. ஒரு அம்மா என்னை எந்திரிச்சுப் போகச் சொல்லிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது, அது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்தப் பதினேழாவது கேள்வியைப் போட்டவள் நான். "இந்த நாட்களுக்குள் உங்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், உடலை எந்த வீட்டிலிருந்து எடுப்பீர்கள்?" என்பது கேள்வி. கேட்க நல்ல கேள்வியா? இல்லை. கவிதாவிடம் அன்று வாய்விட்டுச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் எழுந்து எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன், தேநீர் ஊற்றினேன், ஜன்னலைச் சாத்தினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கிரிக்கெட் தொடர் என்றால் எல்லாருக்கும் ஆட்டக்காரர்கள்தான் ஞாபகம். அவர்களுக்கென்ன, ஹோட்டல் இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே வந்து, மைதானத்தைச் சுற்றிக் கேபிள் இழுத்து, கேமரா வைக்கக் கோபுரம் கட்டி, எல்லாம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள். ஆறு கிழமை, ஏழு கிழமை, ஒன்றரை மாதம் போலத் தங்குவார்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. நான் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரம் முடித்து, கண்டியில் தட்டச்சுப் படித்து, ஒரு பயண நிறுவனத்தில் கடிதம் அடிக்கச் சேர்ந்தேன். ஒரே இடத்தில் உட்கார முடியாத என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையை வெளிவேலைக்கு விடுங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் சிவஞானம் சேர்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி, உயரம், வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார், அவ்வளவுதான். திட்டிவிட்டால் தேவலை என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன்!

அவர் வீடு பார்க்கப் போகும் விதமே தனி. மற்றவர்கள் காலையில் போவார்கள், இவர் பகல் பதினொரு மணிக்குப் போவார். கேபிள் ஆட்கள் ராத்திரி வேலை செய்து பகலில் தூங்குகிறவர்கள், ஆகவே பகலில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கட்டிலில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கம் மரம் அறுக்கிறார்கள், பேக்கரிப் பாண் விற்கும் த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு எத்தனை தரம் போகிறது என்று கடுதாசியில் கோடு போடுவார். அந்த அரை மணியில் நான் வீட்டைப் பத்துத் தரம் சுற்றி வந்திருப்பேன். அடுத்து, இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்துவிட்டுக் கழிவறைத் தண்ணீரையும் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் பையிலிருந்து மீன் வைத்த மாலுபாண் ஒன்றை எடுத்துப் பாதியைச் சாப்பிட்டு, மீதித் துணுக்குகளை மேசையில் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். எறும்பு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று! முதல் தரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரியும், சிரியும். ஆறு கிழமை இருக்கிறவன் விருந்தாளி இல்லைப் பிள்ளை, குடித்தனக்காரன்" என்றார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். வீட்டுக்காரரை முழுக்க வெளியே அனுப்பக்கூடாது. தனிக் கதவுள்ள ஓர் அறையாவது, அதைப் பூட்டும் திறப்போடு, அவர் கையில் இருக்க வேண்டும். படிவத்தின் பதினாறாவது கேள்வி அதுதான்: வீட்டுக்காரருக்கு விட்டிருக்கும் அறை எது? ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "தண்ணி மோட்டர் நிண்டுபோனா எந்த வால்வை எங்க திருப்பிறது எண்டு அந்த மனிசனுக்குத்தான் தெரியும்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பெரிய தொடர் வந்தது, கண்டியில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. பதினான்கு கேபிள் ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தபோது எனக்குக் கிடைத்தது மடவளையில் ஒரு வீடு. ஜவ்பர் ஹாஜியாரின் வீடு. பஸாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர், அறுபத்தைந்து வயதிருக்கும், முழங்கால் வலியோடு சாய்ந்து சாய்ந்து நடப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவரும் மனைவி நஸீமாவும் மட்டும்தான். கம்பளையில் இருக்கும் மைத்துனர் வீட்டில் போய்த் தங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வாசலோடு ஒட்டி, தனிக் கதவோடு ஒரு சின்ன அறை இருந்தது. சேரின் விதிக்கென்றே கட்டியது போல.

ஆனால் அந்த அறையை விட்டால் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். மீதி இரண்டு பேருக்காக நான் இன்னொரு வீடு தேடி அலைய வேண்டும். எனக்கு அவசரம்.

"மிஸ், அந்தச் சின்ன ரூம மட்டும் நாங்க வச்சிக்கொள்றோமே" என்று ஹாஜியார் கேட்டார். "வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழ எங்கட பள்ளிக்குத்தான் வருவேன். வந்தா கொஞ்சம் சாஞ்சிக்கொள்ள ஒரு எடம்."

"ஆறு கெழமதானே ஹாஜியார்! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன்.

அவர் சிரித்தார். மறுத்துப் பேசவில்லை. தண்ணீர்க் குழாய்கள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து தரச் சொன்னேன், பொறுமையாக வரைந்து தந்தார். மோட்டர் விஷயம் இதோடு முடிந்தது, இனி எதற்கு அறை? என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். திறப்புகளை ஒவ்வொன்றாக வளையத்திலிருந்து கழற்றித் தந்தார். சின்ன அறையின் திறப்பைத்தான் கடைசியாகக் கழற்றினார்.

பதினாறாவது கேள்விக்கு எதிரே, "தேவையில்லை, வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். சேர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஆற்றை முடிவு?"

"என்னோட முடிவு சேர்."

"ம். உம்மட முடிவு." துடைத்து முடித்து, மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாவது கிழமையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, கம்பளையிலிருந்து நஸீமாவின் தம்பி பேசினார்.

"மிஸ், மச்சான் சுபஹு தொழுதிட்டு வந்து மவுத்தாகிட்டாரு. மய்யித்த அவர்ட ஊட்டுக்குத்தான் கொண்டு வரணும். அஸருக்கு அடக்கம். லுஹருக்கு மொதல்ல வந்திருவோம். ராத்தா இத்தா இருக்கவும் அந்த ஊடுதான் வேணும்."

ஹாஜியார் அதிகாலைத் தொழுகை முடித்து வந்து இறந்திருக்கிறார், ராத்தா என்றது அக்கா நஸீமாவை. கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும், தான் அவரோடு வாழ்ந்த வீட்டிலேயே, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. வேறு வீட்டில் இருந்து கழிப்பதை அவர்கள் விரும்புவதில்லை. நான் மடவளையில் எத்தனையோ வீடு பார்த்தவள், இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் என் வாய் முதலில் சொன்னது இதுதான்: "ஒப்பந்தம் இன்னும் நாலு கெழமைக்கு இருக்குங்களே... நேரா பள்ளிக்குக் கொண்டு போக ஏலாதா?"

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அந்த மனிதர், "பெரியவங்கள்ட்ட பேசிட்டு எனக்குச் செல்லுங்க மிஸ்" என்று வைத்துவிட்டார்.

சேர் அன்று தம்புள்ளையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒப்பந்தத்தின் எந்தப் பந்தியில் என்ன இருக்கிறது என்று நான் தொடங்கியதும் நிறுத்தினார்.

"அதை மூடி வையும். அந்த மனிசனை அவற்றை வீட்டில இருந்துதான் எடுக்கோணும்."

"அப்ப பதினாலு பேர எங்க சேர் வைக்கிறது?"

"அது உம்மட வேலை. நான் வாறன்."

மணி எட்டு நாற்பது. லுஹர் என்றால் நடுப்பகல் தொழுகை, அதற்குள் வீடு காலியாக வேண்டும். ஒரு த்ரீவீலில் ஏறிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பேசினேன். ஹோட்டல் இல்லை. விருந்தினர் விடுதி இல்லை. கல்யாண மண்டபம் இரண்டிலும் வைபவம். ஹேவாஹெட்டையில் ஒரு தோட்ட பங்களா காலி என்றார்கள், ஆனால் அந்த வளைவுகளில் தினம் ஒன்றரை மணி நேரம் குலுங்கிப் போய் யார் தூங்குவது? அன்று இரவு அவர்கள் ஏற வேண்டியது நாற்பது அடிக் கோபுரம். தூக்கமில்லாமல் ஏறி ஒருவன் விழுந்தால் அந்தப் பாவமும் என் தலையில்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. இறங்கி நடந்தேன். நடந்துகொண்டே என் வீட்டுக்குப் பேசினேன்.

என் கணவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவசரமே அறியாதவர்.

"பதினாலு பேரா? நம்ம வீட்டுலயா? அப்ப நாம?"

"அக்காகிட்ட, தோட்டத்துக்குப் போறோம்."

"எத்தன நாளைக்கு?"

"நாலு கெழமதான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஹாஜியாரிடம் சொன்ன அதே வார்த்தை. பாலத்து நடைபாதையில் ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

மடவளை வீட்டை அடைந்தபோது பத்தாகப் போகிறது. எல்லாரும் தூக்கம். கதவைத் தட்டியதும் செல்வின் வந்தான். அவன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவன், தூத்துக்குடிப் பக்கம்.

"என்னக்கா, இப்பத்தான கண்ணசந்தோம்?"

வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பெரியவரா? செடிக்குத் தண்ணி ஊத்துவாரே, அவரா?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு வெள்ளிக்கெழமையும் வந்தாருக்கா. பக்கத்து வீட்டுல வாளி வாங்கி, கேட்டுக்கு வெளிய நின்னு கம்பி வழியா தொட்டிக்கெல்லாம் ஊத்துனாரு. உள்ள வாங்கய்யான்னு எத்தன தடவ கூப்ட்டேன். 'குடுத்தாச்சு தம்பி, குடுத்தா குடுத்ததுதான்'னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் மதில்ல சாஞ்சு நின்னுட்டுப் போயிட்டாருக்கா."

சாய்ந்துகொள்ள ஓர் இடம் கேட்ட மனிதர். முழங்கால் வலியோடு கம்பளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தன் வீட்டு மதிலில் வெளியே சாய்ந்து நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

செல்வின் உள்ளே போய், "ஏலே, எந்திரிங்கல! பெரியவர் வீட்டுக்கு வாராரு" என்று சத்தம் போட்டான். ஒருவனும் முணுமுணுக்கவில்லை. பஸாரிலிருந்து இரும்புக்கடை லொறி வந்தது. கேபிள் ஆட்களுக்குச் சுருட்டுவதும் ஏற்றுவதும் கைவந்த வேலை. பதினான்கு மடக்குக் கட்டிலும் பெட்டிகளும் நாற்பது நிமிடத்தில் ஏறிவிட்டன. மிச்ச நேரத்தில் தரையைக் கழுவினார்கள். அலுமாரியைத் துடைத்தார்கள். கேட்டுக்குப் பக்கத்துத் தொட்டிகளுக்கு ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், அவனிடம் யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஹாஜியாரின் ஜனாஸா வந்தது. அந்தப் பதினான்கு பேரும் ஒழுங்கையோரம் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வீட்டுக்குள் கொண்டுபோன பிறகுதான் லொறியில் ஏறினார்கள். ஒரு மணிக்கு என் வீட்டு மண்டபத்திலும் அறைகளிலும் படுத்தவர்கள் ஆறு மணிக்குத்தான் எழுந்தார்கள். அன்றிரவு யாரும் விழவில்லை.

சேர் அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். முடிந்த பிறகு பள்ளிவாசலுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"எங்கட அப்பாவை, சண்டையில இடம்பெயர்ந்து இருக்கேக்க, ஆற்றையோ வீட்டில இருந்துதான் எடுத்தனாங்கள். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிசர். ஒண்டும் குறை சொல்லேலாது. எண்டாலும்..." என்றார். பிறகு, "அந்த அறையைத் தண்ணி மோட்டருக்கு எண்டு நினைச்சீரோ பிள்ளை?"

"நீங்கதான் சேர் அப்படிச் சொன்னீங்க."

"ஓம். அதுக்கும்தான்."

பதினைந்து நாள் கழித்து நஸீமா ராத்தாவைப் பார்க்கப் போனேன். ஆண்கள் போக முடியாது, நான் போகலாம். வெள்ளை உடுத்து அந்தச் சின்ன அறையில்தான் இருந்தார். வீடு முழுக்க இருக்க அந்த அறையைத் தேர்ந்திருந்தார். நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்தேன்.

"ராத்தா, இந்த ரூம அவரு கேட்டாரு. நாந்தான் குடுக்கல."

"தெரியும். அவரு எனக்கிட்ட செல்லித்தான் கம்பளைக்கு வந்தாரு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. குற்றமும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பள்ளில செல்ற பாங்கு இந்த ரூமுக்குத்தான் நல்லாக் கேக்கும். அதுக்குத்தான் அவருக்கு இது விருப்பம்" என்றார். பிறகு பிளேன்டீ வரவழைத்தார். சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அந்த நான்கு கிழமையும் நானும் கணவரும் ஹேவாஹெட்டையில், தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், அக்காவின் அறையில் இருந்தோம். தினம் பஸ்ஸில் கண்டிக்கு வந்து போனேன். ஒரு நாள் பிற்பகல் ஒரு சேலை எடுக்க வேண்டியிருந்தது. என் வீட்டு கேட்டில் நின்று, என் வீட்டு மணியை நான் அடித்தேன். எல்லாரும் தூக்கம். இரண்டாம் தரம் அடிக்க மனம் வரவில்லை. எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. கை தானாகவே மதிலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சேலை எடுக்காமலே திரும்பிப் போனேன்.

தொடர் முடிந்ததும் படிவத்தில் பதினேழாவது கேள்வியை நானே தட்டச்சுச் செய்து சேரின் மேசையில் வைத்தேன். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். முகம் சுளித்தவர்கள் உண்டு, கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஆனால் கேட்டதும் வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பக்கத்து ரூம நாங்களே வச்சிக்கிறோம் மிஸ்" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

இவ்வளவையும் கவிதாவிடம் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தபோது தேநீர் ஆறிவிட்டது. அவள் கைபேசியைக் கீழே வைத்திருந்தாள்.

"சரி, என்கிட்ட கேளுங்க" என்றேன்.

"எத மிஸ்?"

"பதினேழாவது."

அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். எத்தனையோ பேரிடம் படபடவென்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தட்டிக்கொண்டு நின்றவள் நான், இப்போது கதிரையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா தோட்டத்து லயத்தில் இறந்தார். அம்மாவும் அங்கேதான். அதற்கு முந்தியவர்களும் அப்படித்தான். அறை தோட்டத்துக்குச் சொந்தம், அவர்கள் இருந்தது வேலை இருக்கும் வரைக்கும். கவிதாவும் தோட்டத்தில் பிறந்தவள்தான், அவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"இங்கேருந்துதான்" என்றேன். "நானோ அவரோ, யாரு முந்திப் போனாலும், எங்க குடும்பத்துல சொந்த வீட்டுலேருந்து போற மொத ஆளு. அவசரம் ஒன்னும் இல்லன்னும் சேத்துப் போட்டுக்குங்க."

அவள் சிரிக்கவில்லை. எங்கே போடுவது என்று கைபேசியில் இடம் தேடினாள். நான் எழுந்து போய்த் திறப்பு வளையத்தை எடுத்து வந்து, பின்னறைத் திறப்பை மட்டும் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அவளிடம் கொடுத்தேன்.